வியாழக்கிழமை எண்ணெய்

மருதமுனை
12.07.2025

அன்பும் பண்பும் அறிவும் ஒருங்கே அமைந்த என் மருமகள் றிஸ்னாவுக்கு, மாமா மீராசாஹிபு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

என்ட நம்பரை நீ புளொக் பண்ணிப் போட்டாய். பரவாயில்லை. போனைத்தான் புளொக் பண்ணலாம், தபால்காரனைப் பண்ண ஏலாது. இந்தக் கடிதத்தைக் கண்ட தபால் கந்தோர்ப் பிள்ளை, "இந்தக் காலத்தில இப்பிடியொரு கையெழுத்தா?" என்று மற்ற எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிற்று.

உன் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும். உன்னை நெஞ்சு பார்க்கிற ஹாட் டொக்டர் என்று நான் சொன்னது ஒரேயொரு கலியாண வீட்டில்தான். அதைக் கேட்ட நற்பிட்டிமுனை ஆள் ஒருவர் தன் மாமனாரின் ஈசீஜீயைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினார் என்றால் அது அவருடைய அவசரம். கொழும்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாடு வகுக்கப் படிக்கிற பிள்ளை ஹாட்டுக்குப் பக்கத்தில்தானே நிற்கிறாள்? வயிற்றிலிருந்து ஹாட் என்ன கண்டியிலா கிடக்கு?

இனிக் காரியத்துக்கு வருகிறேன். பெருநாள் கழிந்த கையோடு உன் மாமி லைலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினியில் சாய்ந்ததும், "இன்னொருக்கா வந்தால் தாங்காது, எண்ணெயைக் குறையுங்கள்" என்று டொக்டர் சொன்னதும், நீ போனில் எனக்கு வகுப்பெடுத்ததும் நான் மறக்கவில்லை. போத்தலைத் தாச்சிக்கு மேல் கவிழ்க்கக் கூடாது, கரண்டியில் அளந்துதான் ஊற்ற வேண்டும் என்றாய். நான் அதையும் தாண்டிப் போனேன். எங்கள் கலியாணத்துப் பன்னீர்ச் செம்பை எடுத்தேன். அதற்குள் தேங்காயெண்ணெயை விட்டேன். மாப்பிள்ளைக்குத் தெளிக்கிற மாதிரி தாச்சிக்கு மேல் ஒரு தெளி. முடிந்தது. முதல் நாள் சூரை மீனில் பன்னீர் மணந்தது உண்மைதான். மாமி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "மீனுக்கு இண்டைக்கா கலியாணம்?" என்று கேட்டாள். இப்போது அந்த மணம் போய்விட்டது.

வெள்ளி முதல் புதன் வரை சமையல் என் கையில். வெங்காயத்தை எண்ணெயில் வதக்குவதில்லை. தண்ணியில் அவித்து இறக்கிக் கடைசியில் ஒரு தேக்கரண்டித் தாளிப்பு. கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கிற சாமான், அதனால் நெருப்பில் சுடுகிறோம். அப்பளம் தணலில் வாட்டுகிறோம். இந்த அதிசயத்தைப் பார்க்கத் திருக்கோவில் ஊரிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள். பெயர் விபரம் கேட்காதே.

ஒரு சின்ன விசயம். போன கிழமை எடுத்த இரத்த றிப்போட்டில் மாமியின் கொலஸ்ட்ரோல் முந்தியதை விடக் கூடிக் கிடக்கு. மெசின் பிழை. டொக்டரே கதிரையால் எழும்பி என் கையைப் பிடித்து, "மெசின் பிழைதான், ஹாஜியார்" என்றார். இருந்தாலும் நீ ஒரு வார்த்தை எழுது.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த
மாமா மீராசாஹிபு


கொழும்பு
21.07.2025

மாமாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதத்தை எழுதி முடிக்க முந்தியே தபால் கந்தோர்ப் பிள்ளை அதைப் பார்த்து மெச்சிய கதை நன்றாயிருக்கிறது. நீங்கள் எப்போது ஹஜ்ஜுக்குப் போனீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

மெசின் பிழை இல்லை. உங்கள் டொக்டர் அப்படிச் சொல்லியிருக்கவும் மாட்டார். பன்னீர்ச் செம்பும் சுட்ட கத்தரிக்காயும் உண்மையென்றால் மாமியின் உடம்புக்குள் எண்ணெய் வேறு எந்த வழியாலோ போகிறது. அது எந்த வழி என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த தடவை நீங்கள் எழுதப் போவது வேறு செய்தி. அதை வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளி முதல் புதன் வரை நீங்கள் சமைத்த எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். வியாழக்கிழமை மாமி பொரிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அது இன்னும் நடக்கிறதா? உள்ளதை எழுதுங்கள்.

றிஸ்னா


மருதமுனை
02.08.2025

கூர்ந்த அறிவுடைய மருமகளுக்கு,

வியாழக்கிழமையைக் கேட்டிருக்கிறாய். கேட்பாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் பரம்பரையில் பெண்பிள்ளைகள் எல்லாம் நீதவான் மாதிரி.

ஓம், நடக்கிறது. மாமியின் தாய்வழி வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, இறந்து மௌத்தானவர்களின் ஆத்மா, அந்த றூஹு, தங்கள் வீட்டைத் தேடி வரும்; குசினியில் எண்ணெய் காய்கிற மணம் இருந்தால் "நம்மை மறக்கவில்லை" என்று மனம் குளிர்ந்து திரும்பும். மாமியின் ஆட்கள் அப்படித்தான் செய்து வந்தார்கள். அப்போதெல்லாம் இரண்டு பணியாரத்தோடு காரியம் முடிந்துவிடும்.

எங்கட மகள் பாஹிமாவைச் சுனாமியில் கடல் எடுத்த பிறகுதான் அது தாச்சி நிறைய ஆனது. ஆறு வயதுப் பிள்ளை. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை. கடற்கரையில் இனி வீடு கட்டக் கூடாது என்று எங்களை இங்கே வயல்பக்கம் வீட்டுத்திட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த வீட்டைப் பாஹிமா கண்டதில்லை. "புள்ளைக்கு இந்த வழி தெரியாது, மணத்தப் புடிச்சிக்கிட்டாவது வரட்டும்" என்பது மாமியின் கதை. இருபது வருசமாக ஒரு வியாழன் தவறவில்லை. பாஹிமாவுக்குப் பிடித்த வாழைப்பழப் பணியாரம்தான். பொரித்துக்கொண்டே மாமி பின்கதவைத் திறந்து வைப்பாள். மழையென்றாலும் சாத்தமாட்டாள்.

ஆனால் உன் சந்தேகம் பிழை. அந்தப் பணியாரம் ஒன்றும் மாமியின் வாய்க்குப் போவதில்லை. முழுக்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான். எங்கள் வேலியடியில் வரிசை நிற்கிற நிலையைப் பார்த்தால், பெற்றோல் செட்டில் நின்ற வரிசை எல்லாம் ஒரு வரிசையா?

நான் அந்த நேரம் வீட்டில் இருப்பதில்லை. அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போனால் ராத் தொழுகை இஷாவும் தொழுதுவிட்டுத்தான் திரும்புவேன். ஊரில் என்னைப் பெரிய பக்திமான் என்று கதைக்கிறார்கள். கதைக்கட்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்த மணம் எழும்பினால் பின்கதவடியில் ஆரோ நனைந்த காலோடு நிற்கிற மாதிரி எனக்குக் கிடக்கும். உள்ளே வரவும் மாட்டார்கள், போகவும் மாட்டார்கள். பயம் என்று நினைக்காதே. கோமாரிக் காட்டில் கொம்பன் யானையைக் கையைத் தட்டித் திருப்பின ஆள் நான்.

மாமா


கொழும்பு
10.08.2025

மாமாவுக்கு,

நீங்கள் வீட்டிலேயே இல்லாத நேரம் பணியாரத்தை யார் தின்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் பரப்பிய கதையின் புண்ணியத்தால் உங்கள் பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மாவும் தன் நெஞ்சு நோவுக்கு எனக்குப் போன் எடுத்தார். "ஹாட் டொக்டர் மகள்" என்றுதான் தொடங்கினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். வைக்கும்போது ஒரு மாதிரிக் குரலில் சொன்னார்: "உங்கட மாமிக்கிட்ட சொல்லுங்க மகள், எனக்கு அவவோட கோவமில்ல. மௌத்தானவங்கட பேரால பொரிச்சத வாங்குறது மார்க்கத்துக்குக் கூடாதாம் எண்டு மகன் நிப்றாஸ் ஏசுறான். நான் என்ன செய்ய?"

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு விளங்குகிறது.

வாற வியாழன் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் நில்லுங்கள். யானையைத் திருப்பியவருக்கு இது பெரிய வேலையில்லை.

றிஸ்னா


மருதமுனை
30.08.2025

றிஸ்னா மகளுக்கு,

நின்றேன். கறையான் பிடித்த அலுமாரியைத் திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளறையில் சுத்தியலோடு நின்றேன். ஒரு ஆணியும் அடிக்கவில்லை.

மாமி பொரித்து முடித்தாள். பீங்கானில் அடுக்கிச் சீலைத் துண்டால் மூடி வேலியடிக்குக் கொண்டுபோனாள். ஆயிஷா உம்மா வந்தா. "லைலா, குறை நினைக்காதகா" என்ற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. பீங்கான் அப்படியே திரும்பி வந்தது. பிறகு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே லைற் எரிந்தது, கதவு திறக்கவில்லை. வரிசை என்று உனக்கு எழுதினேனே, அது எப்போதோ நின்ற வரிசை. இப்போது ஒரு குஞ்சும் இல்லை.

மாமி திரும்பி வந்து பின்கதவுப் படியில், கடல் பக்கம் பார்த்துக் குந்தினாள். பீங்கானை மடியில் வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னத் தொடங்கினாள். பசிக்குத் தின்கிற தீன் இல்லை அது, மகள். வேலை செய்கிற மாதிரி. கை எடுக்கும், வாய் மெல்லும், கண் வெளியே. விரலெல்லாம் எண்ணெய் வடிந்தது. இடையில் ஒருதரம் காலை ஒதுக்கி, ஆரோ கடந்துபோக இடம் விடுகிற மாதிரி ஒரு பக்கம் சரிந்து இருந்தாள். பிறகு திரும்பவும் தின்றாள்.

நான் போய்ப் பீங்கானைப் பிடித்தேன். "என்ன வேலை பார்க்கிறா லைலா? கோழிக்காவது போடலாமே?"

"புள்ளைக்கெண்டு பொரிச்சதக் கோழிக்குப் போடுறதா? குப்பையில கொட்டுறதா?" என்று கேட்டாள். கோபமும் இல்லை, சாதாரணமாகக் கேட்டாள். "ஆராவது திண்டாத்தான் அது அவளுக்குச் சேரும். நீங்க ஒரு நாளாவது திண்டிருக்கீங்களா?"

ஒரே இருப்பில் நாற்பது பணியாரம் தின்று சாய்ந்தமருதில் பந்தயம் வென்ற ஆள் நான். அன்றைக்கு ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். பாதிக்கு மேல் தின்ன ஏலாமல் மிச்சத்தைக் கையில் பொத்திக்கொண்டு அலுமாரியடிக்குப் போனேன்.

போன வருச நோன்புக்குப் பிறகு இப்படித்தானாம். வருசத்துக்கு மேல். நான் ஆறு நாளும் பன்னீர்ச் செம்பால் தெளித்துத் தெளித்து மிச்சம் பிடித்தேன். அவள் அவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நீ படித்தவள். நிறுத்து என்று அவளுக்கு எழுது. என்னால் சொல்ல ஏலாது.

மாமா


கொழும்பு
07.09.2025

மாமாவுக்கு,

நிறுத்தச் சொல்லி எழுத என்னாலும் முடியாது. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

பாஹிமாவும் நானும் ஒரே வயது. நான் ஊருக்கு வந்தால் மாமி என்னை வாசல் நிலையோடு நிறுத்திப் பார்ப்பாள், தலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று. அவள் அளப்பது என்னை இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தி நின்று தானும் வளர்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் நான் லீவுக்கு வருவதில்லை. உங்கள் ஹாட் டொக்டர் கதை எனக்கு ஒரு சாட்டாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று யோசித்தேன். மாமியின் வழக்கத்துக்கு வேண்டியது மணம். மணத்துக்குப் பணியாரம் தேவையில்லை, தாச்சி நிறைய எண்ணெயும் தேவையில்லை. சின்னத் தாச்சியில் ஒரேயொரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயை மெல்லிய நெருப்பில் காய வைக்கட்டும். பொரிக்க ஒன்றுமில்லை என்றால் பீங்கானும் இல்லை. கொடுக்கவும் வேண்டாம், திரும்பி வரவும் மாட்டாது, தின்னவும் தேவையில்லை. வியாழக்கிழமை வியாழக்கிழமையாகவே இருக்கும்.

எங்கள் வகுப்பில் இதைச் சொல்லித் தரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் மாமியிடம் சொல்லிப் பாருங்கள்.

றிஸ்னா


மருதமுனை
25.09.2025

என் ஞானமுள்ள மருமகளுக்கு,

உன் யோசனையைச் சொன்னேன். கொஞ்சம் என் யோசனை மாதிரியும் சொன்னேன், குறை நினைக்காதே.

மாமி சின்னத் தாச்சியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஒரு கரண்டி மணம் கேற்றடிக்கும் போகாது. கடல்ல இருந்து வாற புள்ளைக்கு அது எப்பிடி எட்டும்?"

"எட்டும்கா" என்றேன். "என்ட மூக்குக்குக் கல்முனைச் சந்தையில ஆரு மீன் பொரிச்சாலும் இஞ்ச இருந்து மணக்கும்."

"சரி, அப்ப உங்கட மூக்கையே கொண்டுபோங்க" என்றாள். "வியாழன் பின்னேரம் கடற்கரையில நம்மட பழைய வீட்டு வளவுல போய் நில்லுங்க. நான் இஞ்ச பொழுதுபடுற மஃரிபு நேரம் ஒரு கரண்டி காய வெக்கிறன். மணம் அங்க வந்தா, அதுக்குப் பிறகு நான் தாச்சி நிறைய ஊத்த மாட்டன். வரல்லயெண்டா, இந்த எண்ணெய்க் கதைய என்னோட ஒருத்தரும் கதைக்கப்படாது. நான் மௌத்தானாலும் சரி."

இங்கிருந்து கடற்கரைக்கு மெயின் றோட்டைக் கடந்து போகவேண்டும். இடையில் எத்தனை ஒழுங்கை, எத்தனை குசினி, எத்தனை பேக்கரி! ஒரு தாச்சி நிறைய எண்ணெய் எரிந்தாலே மணம் அங்கே வராது. இது எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியாமலா?

ஆனாலும் நீ கவலைப்படாதே. வேறு ஆரையாவது அனுப்பியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவள் அனுப்புவது என்னை. போவேன், நிற்பேன், வருவேன், "வந்தது" என்பேன். தோணிக்காரர்கள் வலையை விட்டுவிட்டு "ஆருடா எண்ணெய் காய்ச்சுறது?" என்று கேட்டதாகவும், பள்ளியில் தொழுகைக்குக் கூப்பிடுகிற மோதினார் பாங்கை மறந்து மூக்கை உறிஞ்சியதாகவும் சொல்வதற்கு எல்லாம் ஆயத்தமாக வைத்திருக்கிறேன். இந்தக் கரையில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

மாமா


கொழும்பு
01.10.2025

மாமாவுக்கு,

உங்கள் பொய்களால் நான் பட்டது கொஞ்சமில்லை. ஒரு நாள் நானே உங்களிடம் ஒன்று கேட்பேன் என்று நினைத்திருக்கவும் இல்லை. கேட்கிறேன். இந்த ஒரு பொய்யை மட்டும் நன்றாகச் சொல்லுங்கள்.

தோணிக்காரர் வேண்டாம். மோதினார் வேண்டவே வேண்டாம். யாரையும் சேர்த்தால் மாமி பிடித்துவிடுவாள். "வந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டிருக்கிறேன். அன்றைக்கே போன் எடுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

றிஸ்னா


மருதமுனை
10.10.2025

றிஸ்னாவுக்கு,

நேற்று நீ பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். போனைக் கையில் எடுத்தேன். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அஸர் தொழுதுவிட்டுப் பழைய வளவுக்குப் போனேன். போய்க் கன காலம். வீட்டுத் தரையில் ஒரு துண்டும் கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். கிணற்றுக்குள் வாய் வரைக்கும் மணல். தோணிகள் மணலில் ஏற்றிக் கிடந்தன, ஆட்கள் இல்லை. கிணற்றுக் கட்டில் இருந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "வந்தது லைலா." நீ சொன்ன மாதிரி அவ்வளவுதான்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கின நேரம் மணம் வந்தது.

பணியார மணம் இல்லை. மா விழுவதற்கு முந்தி, வெறும் எண்ணெய் காய்ந்து வரும்போது எழும்புமே, அந்த மணம். தேங்காயெண்ணெய். நான் எழும்பி ஆருடைய குசினி என்று திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்து வரவில்லை. காற்று என் முகத்தில்தான் அடித்தது, மகள். வீடுகள் எல்லாம் என் முதுகுப் பக்கம். முன்னால் கடல் மட்டும்தான் இருந்தது.

ஏன் என்று தெரியாது, தண்ணிக்குள் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் போனேன். போகப் போக மணம் கூடியது. குசினிக்குள் தாச்சிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கூடியது. பாங்கு முடிந்தது. மணமும் இல்லை. அலைதான்.

வீட்டுக்கு வந்தபோது மாமி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மணத்துச்சா?" என்று கேட்டாள்.

என்னால் சொல்ல ஏலாமல் போயிற்று. பொய்யென்றால் சொல்லியிருப்பேன்.

மாமி என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் நனைந்திருந்த சாறனைப் பார்த்தாள். திரும்பவும் கேட்கவில்லை. என்னை உள்ளே விட்டுக் கேற்றைச் சாத்தினாள். சின்னத் தாச்சியில் அந்த ஒரு கரண்டி எண்ணெய் கறுத்துப் போய்க் கிடந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு பெரிய தாச்சியைப் பரணில் ஏற்றிவிடச் சொன்னாள். "இனி ஒரு கரண்டி போதும்" என்றாள். ராச் சாப்பாட்டுக்கு அவித்த மீனைத் தின்றாள்.

காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. இவ்வளவு காலமும் நாங்கள்தான் பாஹிமாவைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீ இதை நம்ப வேண்டிய அவசியமில்லை. என் கடிதம்தானே. லீவு கிடைத்தால் வா.

இன்று விடியச் சாறனைக் கழுவுகிற உடுப்போடு போட்டிருந்தேன். மாமி அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். கழுவவில்லை. உப்போடும் மணலோடும் மடித்து, தன் உடுப்புக்குக் கீழே அலுமாரியில் வைத்துவிட்டாள்.

மாமா